அடுப்படி அஞ்சல்: இந்த வாரம் முழுக்க ஹம்முஸ்

போன இதழில் கோலாலம்பூர் அரபுக் கடைகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹம்முஸைப் பற்றியே கேட்கின்றன. சரி, இந்த வாரம் அதற்கே கொடுத்துவிடுவோம். புளிக்குழம்பு, கேசரி கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹம்முஸ் என்றால் என்னவென்றே தெரியாது என்பவர்களுக்கு: வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை, எள் அரைத்த விழுதான தஹினி, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. இவற்றை மைபோல் அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவது. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கத்து அன்றாடச் சாப்பாடு.

புக்கிட் பிந்தாங் அரபுக் கடையில் சாப்பிட்ட ஹம்முஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வீட்டில் நானும் அதே சாமான்களைப் போட்டு மிக்ஸியில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நறநறவென்றே இருக்கிறது. புது மிக்ஸி வாங்க வேண்டுமா?
— வாசகி, கிள்ளான்

வேண்டாம் அம்மா, காசை மிச்சப்படுத்துங்கள். கோளாறு மிக்ஸியில் இல்லை, பானையில்.

நம் வீடுகளில் கொண்டைக்கடலை வேகவைக்கப் பழகியது சுண்டலுக்காக. கடலை முழுசாக நிற்க வேண்டும், தோல் கழலக் கூடாது, தாளித்துக் கிளறும்போது உடையக் கூடாது. நவராத்திரிக்கு மாவாகக் குழைந்த சுண்டலைக் கொண்டுபோய் வைத்தால் மாமியார் சும்மா விடுவாரா? அதனால் நம் கை தானாகவே அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறது. ஹம்முஸுக்கு வேண்டியது நேர்மாறான பதம். கடலை குழைய வேண்டும், தோல் பிரிந்து மிதக்க வேண்டும், பார்த்தால் ‘ஐயோ, கெட்டுப்போச்சே’ என்று தோன்ற வேண்டும். அதுதான் பதம்.

நான் ஓட்டலில் வேலை பார்த்த காலத்தில் சாலட் மாதிரி அடுப்பேறாத பதார்த்தங்களைத் தயாரிக்கும் எங்கள் கோல்ட் கிச்சனுக்குத் தலைமை ஒரு லெபனான்காரர். பானையிலிருந்து ஒரு கடலையை எடுத்து ஊதி, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். பல் உதவிக்கு வர வேண்டியிருந்தால் ‘இன்னும்’ என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பையன்கள் நாங்கள் பசியோடு காத்திருப்போம். இன்றைக்கும் அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

செய்முறை சொல்கிறேன். 250 கிராம் காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலையை நிறையத் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வடிகட்டிய கடலையை வெறும் பானையில் போட்டு ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா தூவி, நடுத்தர நெருப்பில் மூன்று நிமிடம் கிளறுங்கள். பேக்கிங் பவுடர் அல்ல, ஆப்பச் சோடா. கடலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சோடாவின் காரத்தன்மை அதைக் கரைக்கிறது, தோல் தொட்டாலே கழன்றுகொள்கிறது. பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நுரையையும் மிதக்கும் தோலையும் கரண்டியால் அள்ளிப் போடுங்கள். புதுக் கடலை என்றால் அரைமணி நேரத்திலேயே குழையும். பழசு என்றால் ஒன்றரை மணி நேரமும் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நாக்கைக் கேளுங்கள்.

உப்பைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சை, தக்காளி, புளி எதுவும் வேகும் தண்ணீரில் விழக் கூடாது. புளிப்பு பட்டால் கடலை இறுகிக்கொள்ளும்.

குக்கரில் வைப்பவர்கள் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். சோடா போட்டால் நுரை பொங்கும், கழன்ற தோல் ஆவித் துளையில் போய் அடைக்கும். எனக்கென்னவோ திறந்த பானைதான் பிடிக்கும், தோலை அள்ளலாமே.

அரைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் கடலையை மட்டும் தனியாகக் கெட்டி விழுதாக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது அரைத்தால் மழமழவென்று வரும். கொதிக்கக் கொதிக்க மிக்ஸி ஜாரில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடித்து, சுவரெல்லாம் ஹம்முஸ். அப்புறம் 200 கிராம் தஹினி, நாலு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி உப்பு. மிக்ஸி ஓடும்போதே ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, சுமார் 100 மில்லி விடுங்கள். விழுது வெளுத்து உப்பி வருவது கண்ணுக்கே தெரியும். அரைத்ததும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆறினால் இறுகும். வீட்டில் இட்லி மாவு கிரைண்டர் இருந்தால் மிக்ஸியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அதில் போடுங்கள். கல்லில் அரைபட்ட ஹம்முஸுக்கு ஈடு கிடையாது.

நாங்கள் இருக்கும் இடத்தில் தஹினி கிடைப்பதில்லை. சீனக் கடையில் எள் விழுது போத்தலில் விற்கிறார்கள். அதைப் போடலாமா? இல்லை, நல்லெண்ணெய் ஊற்றினால் போதுமா? கச்சான் (வேர்க்கடலை) வெண்ணெய் போடலாம் என்கிறாள் என் மகள்.
— வாசகி, தைப்பிங்

மூன்றும் வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு.

சீனக் கடை எள் விழுது, எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்து அரைத்தது. கறுத்த நிறம், தூக்கலான வறுத்த வாசனை. மீ வகைகளுக்கும் ஸ்டீம்போட் சாஸுக்கும் அது அருமை. ஹம்முஸில் போட்டால் கடலையின் ருசி காணாமல் போய்விடும். தஹினி தோல் நீக்கிய எள்ளை லேசாக மட்டும் வறுத்து அரைப்பது. அதனால் நிறம் வெளிர், ருசியும் மென்மை. நல்லெண்ணெய் அதே எள்ளின் எண்ணெய்தான், ஆனால் சதைப்பற்று செக்கிலேயே பிண்ணாக்காகப் போய்விட்டதே. ஹம்முஸைக் கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஆக்குவது எண்ணெய் மட்டும் அல்ல, அந்தச் சதையும் சேர்ந்துதான். கச்சான் வெண்ணெய் போட்டால் சாத்தே சாஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி கிடைப்பான். மகளிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள்.

தைப்பிங்கில் வெள்ளை எள் கிடைக்காமலா போகும்? தோல் நீக்கியதாகப் பார்த்து 200 கிராம் வாங்குங்கள். அடி கனமான சட்டியில், சின்ன நெருப்பில், கை எடுக்காமல் வறுங்கள். வாசனை வந்து, நிறம் மாறத் தொடங்குவதற்கு முன்னால் இறக்கித் தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூட்டிலேயே சிவந்து கசக்கும். சூடு அடங்குவதற்குள் சட்னி ஜாரில் போட்டு, விட்டு விட்டு அரைத்து, பக்கங்களை வழித்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் சேருங்கள். இந்த இடத்தில்தான் நம் நல்லெண்ணெய்க்கு வேலை. இந்தியக் கடையில் வாங்கும் மஞ்சள் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, கச்சிதமாகச் சேரும். சீன எள்ளெண்ணெயின் பழுப்புப் போத்தலைத் தொடாதீர்கள், அது வறுத்த எள்.

கடையில் தஹினி வாங்குபவர்களுக்கு ஒன்று. மேலே எண்ணெய் மிதப்பது கெட்டுப்போன அடையாளம் அல்ல. அடிவரைக்கும் கரண்டி விட்டுக் கலக்குங்கள். வீட்டில் போத்தலைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் அடுத்த தடவை கலக்குவது சுலபம். ருசி பார்க்கும்போது தொண்டையில் கசப்பு தங்கினால் அந்தப் போத்தலை ஹம்முஸுக்கு எடுக்காதீர்கள். எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் அந்தக் கசப்பு போகாது.

தஹினியில் எலுமிச்சைச் சாறு ஊற்றியதும் திரிந்துபோய்ச் சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. தூக்கிக் கொட்டிவிட்டேன். சரிதானே?
— வாசகர், காஜாங்

அடடா! இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும் தம்பி. எண்ணெயில் மிதக்கும் எள் துகள்கள் கொஞ்சம் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகும். அது பால் திரிவது மாதிரி அல்ல. கரண்டி கரண்டியாகக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அடித்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, வெள்ளைக் குழம்பாகிவிடும்.

டின் கடலையில் செய்யலாமா? வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி ஊறவைத்துக்கொண்டிருக்க முடியுமா?
— வாசகி, பூச்சோங்

தாராளமாக. ஆனால் டின்னில் இருப்பதும் முழுசாக நிற்கும்படி வேகவைத்த கடலைதான். சாறை வடித்து அலசி, புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு மேலே சொன்னபடி அரையுங்கள். இந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் டின் கடலையைக் குறை சொல்வது.

எந்தக் கடலை நல்லது? பெரியதா, சின்னதா? பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் நாலைந்து வகை இருக்கின்றன.
— வாசகர், செலாயாங்

வெள்ளை வகைதான், காபுலி என்பார்கள். கறுப்புக் கொண்டைக்கடலை ருசியானது, ஆனால் தோல் தடிப்பு, நிறமும் மங்கும். சன்னாவுக்குப் பெரிதாகப் பார்த்து வாங்குகிறோம், ஹம்முஸுக்குச் சின்னது எடுங்கள். அரபு நாட்டுச் சமையல்காரர்கள் தேடுவதும் அதைத்தான், சீக்கிரம் குழையும். நம் நாட்டில் விற்பதெல்லாம் கப்பலில் வருவது, பொட்டலத்தில் எந்த நாட்டுச் சரக்கு என்று போட்டிருக்கும். நான் நாட்டைப் பார்ப்பதில்லை, அது எத்தனை நாள் கடையில் கிடந்தது என்பதைத்தான் பார்க்கிறேன். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பருப்பு வகை பிறகு எவ்வளவு கொதித்தாலும் சரியாகக் குழையாது. நம் ஊரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்குமா பஞ்சம்? ஆகவே வியாபாரம் ஓடுகிற கடையாகப் பார்த்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து கிலோ மூட்டையை ஸ்டோர் ரூமில் போட்டு வைப்பவர்கள்தான் ‘கடலை வேகமாட்டேங்குது’ என்று எனக்கு எழுதுகிறார்கள்.

பூண்டு வாசனை அடுத்த நாள் வரைக்கும் வாயில் நிற்கிறது. மேலும், எலுமிச்சைக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழியலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பூண்டை நசுக்கி, எடுத்து வைத்த எலுமிச்சைச் சாறில் உப்போடு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு வடிகட்டி அந்தச் சாறை மட்டும் சேருங்கள். பூண்டுக்குக் காரத்தைக் கொடுப்பது நசுக்கும்போது வேலை செய்யும் ஒரு நொதி. புளிப்பில் அது அடங்கிவிடுகிறது. அதனால் நசுக்கியவுடனே சாறில் போட வேண்டும், நசுக்கி வைத்துவிட்டு டெலிபோன் பேசப் போகக் கூடாது. மறுநாள் ஆபீஸில் பேச வேண்டியவர்கள் ஒரு பல்லோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

லிமாவ் கஸ்தூரி எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் ஆரஞ்சு வாசனை தஹினிக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரிய மஞ்சள் எலுமிச்சை முதல் இடம், நம் பச்சை எலுமிச்சை இரண்டாவது. பச்சை எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம், மூன்று கரண்டியில் நிறுத்தி ருசி பாருங்கள்.

பேரங்காடியில் விற்கும் டப்பா ஹம்முஸில் எதை வாங்குவது?
— வாசகர், பெட்டாலிங் ஜெயா

பெயரைச் சொல்லச் சொல்லி நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள், சொல்லமாட்டேன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் எழுதியிருக்கும். கடலைக்கு அடுத்தபடியாகத் தஹினியோ எள்ளோ வந்தால் கூடையில் போடுங்கள். கடலை, தண்ணீர், அப்புறம் சோயா எண்ணெய் என்று போய், தஹினி எங்கோ வால்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வைத்துவிடுங்கள். எள்தான் விலை கூடிய சரக்கு, மிச்சம் பிடிப்பவர்கள் கை வைப்பதும் அங்கேதான். எலுமிச்சைச் சாறுக்குப் பதில் சிட்ரிக் அமிலம் இருந்தால் நுனிநாக்கில் ஒரு கூர்மையான புளிப்பு குத்தும். வேறு வழியில்லாமல் வாங்கிவிட்டீர்களா? ஒரு கரண்டி தஹினியும் அரை மூடி எலுமிச்சையும் போட்டு அடித்துப் பாருங்கள், ஓரளவு மனுஷ ரூபம் வரும்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய். ஹம்முஸ் நல்லது என்று வாட்சாப்பில் வந்தது. தினமும் கொடுக்கலாமா?
— வாசகி, ஈப்போ

நான் டாக்டர் இல்லை அம்மா, கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதம், ஏழரை கிராம் நார்ச்சத்து. கடலையின் மாவுச்சத்து ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். அதுவரைக்கும் வாட்சாப் சொன்னது சரி. ஆனால் தஹினியில் பாதிக்குமேல் கொழுப்பு. நல்ல கொழுப்புதான், ஒரு மேசைக்கரண்டிக்கு 90 கலோரி அளவு வரும், மேலே ஊற்றும் ஆலிவ் எண்ணெய்க்குத் தனிக்கணக்கு. அதோடு யாரும் ஹம்முஸை வெறுமனே சாப்பிடுவதில்லை. இரண்டு கரண்டி ஹம்முஸுக்கு மூன்று ரொட்டி உள்ளே போகிறது என்றால் சர்க்கரையை ஏற்றுவது ரொட்டி. வெள்ளரி, கேரட், கச்சாங் போத்தோல் (சிறகவரை) என்று நறுக்கி வையுங்கள். அளவை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

எள் ஒவ்வாமை என்று ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் அவர்களுடைய அம்மாவிடம் ஒரு வார்த்தை.

எப்படிப் பரிமாறுவது, எதோடு சாப்பிடுவது? தோசைக்கு நன்றாக இருக்குமா?
— வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிடாதீர்கள், அதுதான் முதல் பாடம். சில்லென்று இருந்தால் எள் வாசனை எழும்பாது. அரைமணி வெளியே வைத்து, அகலமான தட்டில் போட்டு, கரண்டியின் முதுகால் நடுவில் பள்ளம் வருகிறமாதிரி சுழற்றுங்கள். பள்ளத்தில் ஆலிவ் எண்ணெய், எடுத்து வைத்த முழுக்கடலை கொஞ்சம், ஒரு சிட்டிகை சீரகப்பொடி, நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள். கிண்ணத்தில் குவித்து வைத்தால் எண்ணெய் முழுக்க முதல் ஆளுக்கே போய்விடும், அதனால்தான் தட்டு.

இங்கே அரபுக் கடைகளில் கிரில் இறைச்சிக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டாக வருகிறது. பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் அது காலைப் பசியாறல். வெதுவெதுப்பாக, மொச்சை மாதிரி ஒரு பெரிய அவரைக் கொட்டையை வேகவைத்த ஃபூல் என்பதோடு, பச்சை வெங்காயம், ஊறுகாய் முள்ளங்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். கரண்டிக்குப் பதில் வெங்காய இதழாலேயே அள்ளுகிறவர்களும் உண்டு. எனக்கும் அப்படித்தான் பிடிக்கும், வீட்டில் அனுமதி இல்லை.

தோசைக்கு வேண்டாம். தோசையும் புளிப்பு, இதுவும் புளிப்பு, சண்டை போடும். ரொட்டி சானாயில் ஏற்கெனவே எண்ணெய், அதற்குப் பருப்புக் கறியை விட்டால் வேறு துணை எதற்கு? சுடச்சுடச் சப்பாத்தி நன்றாகச் சேரும், வீட்டில் பித்தா ரொட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இன்னொன்று: லெபனானில் பொடியாக நறுக்கிய ஆட்டிறைச்சியை வெங்காயம், பட்டை போட்டு வதக்கி ஹம்முஸ் மேல் போடுவார்கள். மீந்துபோன மட்டன் வறுவலைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, வறட்டிச் சூடாக்கி, நான் அப்படிப் போட்டிருக்கிறேன். எங்கள் பழைய தலைமைச் சமையல்காரர் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். பிறகு இரண்டாம் தட்டு கேட்டிருப்பார்.

ஹம்முஸ் எந்த நாட்டுடையது? காப்பிக்கடையில் பெரிய வாக்குவாதம்.
— வாசகர், பிறை

அந்த வாக்குவாதம் பிறையோடு நிற்கவில்லை ஐயா. 2010 ஜனவரியில் ஜெருசலத்துக்குப் பக்கத்தில் அபு கோஷ் என்ற அரபு ஊரில், துணைக்கோள் அலைவாங்கித் தட்டு ஒன்றில் நாலு டன்னுக்கு மேல் ஹம்முஸ் கலந்து இஸ்ரேல் பக்கம் உலகச் சாதனை செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் பதில் கொடுத்தது: 10,452 கிலோ. அந்த எண்ணை ஏன் பிடித்தார்கள் தெரியுமா? லெபனானின் பரப்பளவு 10,452 சதுரக் கிலோமீட்டர். எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளோ 13ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில், எகிப்தில் இருக்கின்றன. அதிலும் அரைத்த கடலைக்குக் காடியும் மூலிகையும் சேர்க்கிறார்கள், இன்றைய ருசி இல்லை. சிரியாக்காரருக்கும் பாலஸ்தீனருக்கும் அவரவர் பாட்டி கணக்கு தனி. என் கட்சி லெபனான், தொழில் கற்றுக்கொடுத்தவர் அங்கிருந்து வந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் ஹம்முஸ் வைக்க ஆசை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மேசையில் இருக்கலாமா?
— வாசகி, செர்டாங்

கூடாது. நம் ஊர் வெயிலில், கூடாரத்துக்குக் கீழே, ஒரு மணி நேரம் போதும். சின்னச் சின்னத் தட்டுகளாக எடுத்து வைத்து, தீரத் தீர உள்ளேயிருந்து கொண்டுவாருங்கள். மீந்த தட்டைப் புதுசோடு கலக்காதீர்கள். மூடி வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாலு நாள் தாங்கும்.

கறிவேப்பிலை, கடுகு தாளித்துக் கொட்டினால் என்ன? பீட்ரூட் ஹம்முஸ், சாக்லேட் ஹம்முஸ் என்றெல்லாம் வருகிறதே, உங்கள் கருத்து?
— கல்லூரி மாணவி, சுபாங் ஜெயா

தாளிக்கலாம் தங்கச்சி, அதற்கு அரசாங்க அனுமதி தேவையில்லை. நல்லெண்ணெயில் கடுகு, இரண்டாகக் கிள்ளிய காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. பெருங்காயம் வேண்டாம், பூண்டு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இப்படிச் செய்யும்போது ஆலிவ் எண்ணெயை விட்டுவிடுங்கள், இரண்டு எண்ணெயும் ஒரே தட்டில் குழம்பும். பீட்ரூட்டைச் சுட்டுச் சேர்த்தால் நிறம் அழகு, தண்ணீரில் வேகவைத்தால் ஹம்முஸ் நீர்த்துவிடும். சாக்லேட் போடுகிறவர்கள் பூண்டை மறக்காமல் எடுத்துவிடுகிறார்களா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.